வேப்பிலை கட்டிய வீட்டில் வெப்பப் பாடம்

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு அம்மை இறங்கிக்கொண்டிருக்கிறது, கண்ணைத் திறந்து கஞ்சி கேட்கிறாள் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குக் கீழே எழுதியிருந்த நாலு வரிதான் என்னைச் சோறு தின்னவிடாமல் பண்ணிவிட்டது. ஆரணியில் உன் பெண்டாட்டியின் தங்கை கல்யாணத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று நீ சொன்னாயாம், வசந்தா கேட்கவில்லையாம், அந்தக் கல்யாண வீட்டில் ஏதோ ஒரு குழந்தைக்கு அம்மை இருந்ததாம், ஆகவே இது அவளால் வந்த வினையாம். இதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அன்றிலிருந்து அவளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாயாம். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதையும் அவள் செய்யும் இன்னொரு தப்புபோல எழுதியிருக்கிறாய். படித்ததும் பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது. நீ ஓசூரில் இருக்கிறாய், கை எட்டவில்லை.

பஸ் ஏறி வந்திருப்பேன். காஞ்சிபுரம் போய், வேலூர் போய், அங்கிருந்து ஓசூர் வரைக்கும் வரவேண்டுமே என்று என் முழங்கால் யோசித்தது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் வராமல் இல்லை. நேரில் சொன்னால் பாதியிலேயே “உனக்கு இன்னாமா தெரியும்” என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் வரும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி. நான் சொல்லப் போவது நீ பதினொன்றாவது படித்தபோது உனக்கு அம்மை போட்டதே, அந்தக் கதைதான். அதில் பாதி உனக்குத் தெரியும். நீயும் கோதண்டமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். மீதிப் பாதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பொங்கல் கழிந்து, மாட்டுக் கொம்பில் பூசின வர்ணம்கூட இன்னும் போகவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். மிதிக்க முடியவில்லை என்றாய். மறுநாள் காலையில் முதுகில் முத்து போட்டிருந்தது. அப்புறம் மார்பு, முகம், கண் இமை, வாய்க்குள்ளே என்று இடம் பாக்கி இல்லை. வாசலில் வேப்பிலை கட்டினேன். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினேன். உன்னைப் பின்னறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தேன். வெளிச்சம் பட்டால் உனக்குக் கண் கூசி நீர் கொட்டும், அதனால் ஜன்னலுக்கு ஈரத்துணி போட்டு மறைத்திருந்தேன். நீ எழுதவோ படிக்கவோ முடியாது. வாயில் புண் வந்ததால் கத்திப் பேசவும் முடியாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை வெளி ஆள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருக்கிற பொருள் வெளியே போகக் கூடாது. இதெல்லாம் உனக்கும் நினைவிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார் வெப்பப் பாடத்தை ஆரம்பித்திருந்தார். அந்தப் பாடத்துக்கு வீட்டுக் கணக்கு முழுவதும் எழுதிக் கொடுத்தவன் பெயரைத்தான் அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்புவேன், கொடுக்காதவன் அடுத்த வருஷம் வரட்டும் என்று சொல்லிவிட்டாராம். கோதண்டம்தான் தெருவில் நின்றுகொண்டு இதைச் சொன்னான். அடுத்த வருஷம் என்று ஒன்று உனக்குக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். உன் நைனா முந்தின வருஷமே, “பத்தாவதோட நிறுத்திக்கினு கழனியப் பாருடா” என்றவர்தான். நான் நடுவில் புகுந்து ஒரே ஒரு வருஷம் என்று கேட்டு வாங்கியிருந்தேன். அந்த வருஷம் போனால் போனதுதான். உன்னை ஏர் ஓட்டவும் மோட்டார் கொட்டகையில் படுக்கவும் அனுப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு நீ படிக்க வேண்டியிருந்தது.

கோதண்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் வகுப்பில் எத்தனையோ பையன்கள் நன்றாகப் படிக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் நம் தெருவில் இல்லை. நம் தெருவில் இருந்தது கோதண்டம். அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவதற்கென்றே பள்ளிக்கூடம் போனவன், கணக்குப் பாடத்தில் குறட்டை விட்டு வெளியே நிறுத்தப்பட்டவன். அவன் வந்து எதிர் வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றுகொண்டு, “பெரிம்மா, நான் வகுப்புல கேட்டுக்கினு வந்து சாயங்காலம் இங்கேர்ந்து சொல்றேன். அவன் பதில் சொன்னா நான் எழுதிக்கினு போயி சார்கிட்ட குடுக்கறேன். சார் சரின்னுட்டாரு, அவன் வாயால சொன்னதா இருந்தா போதுமாம்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ கேட்டுக்கினு வர்றியா? தூங்கிக்கினு வராம இருந்தா செரி” என்றேன். “தூங்க மாட்டேன் பெரிம்மா, சத்தியமா” என்றான் பாவம்.

அவன் இருந்த இடத்திலிருந்து கத்தினாலும் பின்னறைக்குக் கேட்காது. அம்மை போட்ட வீட்டில் சத்தம் போடவும் கூடாது. அதனால் நடுவில் நான். அவன் ஒரு வாக்கியம் சொல்வான், அதை நான் வாசலில் வாங்கிக்கொண்டு, கூடத்தைத் தாண்டி வந்து உன்னிடம் சொல்வேன். நீ முனகுவதை வாங்கிக்கொண்டு திரும்பவும் வாசலுக்குப் போவேன். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்தேன். நடுவில் கோழி நெல்லைக் கொத்தும், சூ என்று விரட்ட முடியாது, விரட்டினால் பாடம் போய்விடும். பனிக்கட்டி என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. உத்திரமேரூர் சந்தையில் மீன்காரி பெட்டியில் மரத்தூள் போட்டு வைத்திருப்பாளே அதுதான் என்று கோதண்டம் சொன்னதால் புரிந்துகொண்டேன். ஐந்தாவதோடு நின்றவள் ஒருத்தி, தூங்குமூஞ்சி ஒருவன், இரண்டு பேருமாகச் சேர்ந்து உனக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தோம்.

இந்த இடத்துக்குத்தான் வருகிறேன். அம்மை போட்ட வீட்டில் நம் வழக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சூடு என்று சொல்லக் கூடாது. வெப்பம், கொதிக்கிறது, காய்கிறது, சுடுகிறது, எதுவும் கூடாது. தாய் வந்து உடம்பில் இறங்கியிருக்கிறாள், குளிர்ந்து போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சைப் பேசினால் அவளுக்குக் கோபம் வரும் என்பார்கள். வெந்நீர் வைக்க மாட்டோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீரைப் பானையோடு வெயிலில் வைப்போம், அது தானாக வெதுவெதுப்பாகும். அதையும் வாயால் சொல்ல மாட்டோம், தொட்டுப் பார்த்துக்கொள்வோம். கோதண்டம் கொண்டுவந்த பாடமோ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அந்த வார்த்தைதான்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், அதைச் சொல்லித்தானே சிரிப்பீர்கள். அந்த வார்த்தை வரும் இடத்திலெல்லாம் ‘அது’ என்று சொன்னேன். “பனிக்கட்டிக்கு அதக் குடுத்தா அது உருகும், ஆனா உருகி முடியற வரிக்கும் அது ஏறாது” என்று வந்து சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டே, “எந்த அது ஏறாதுமா?” என்றாய். “நான் குடுத்தேனே, அதுதான்” என்றேன். “குடுத்தது எப்படிமா ஏறாம இருக்கும்?” என்றாய். திரும்பிப் போய்க் கோதண்டத்தைக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “பெரிம்மா, அது ரெண்டு. வெப்பம் ஒண்ணு, வெப்பநிலை ஒண்ணு. வெப்பத்தக் குடுத்துக்கினே இருப்பாங்க, வெப்பநிலை அப்படியே நிக்கும். அந்த வித்தியாசம்தான் பாடமே, சார் பத்து வாட்டி சொன்னாரு” என்றான். பாடமே அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம்தானாம். நான் இரண்டையும் விழுங்கிவிட்டு வெறும் ‘அது’வைக் கொண்டுவந்து உன் காதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒன்றுக்குப் பெரியவர் என்றும் இன்னொன்றுக்குச் சின்னவர் என்றும் பெயர் வைத்துப் பார்த்தேன். பெரியவரைக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் சின்னவர் ஏறமாட்டார். வாசலில் சரியாகத்தான் இருக்கும், கூடத்தைத் தாண்டுவதற்குள் பெரியவர் சின்னவராகிவிடுவார். கணக்கும் அப்படியே வந்தது. ஐந்து கிராம் பனிக்கட்டியை உருக்க எவ்வளவு வேண்டும் என்பதற்கு நீ நானூறு என்றாய். சரியான விடைதானாம். ஆனால் நான் அதைச் சின்னவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் கோதண்டம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, “சார் கேட்டாரு பெரிம்மா, நானூறு டிகிரியில கீற ஐஸ எந்தக் கடையில வாங்கினாங்க உங்க ஊர்லன்னு. கிளாஸே சிரிச்சுது. எல்லாத்தியும் அடிச்சுட்டாரு. வெள்ளிக்கிழம கடைசியாம்” என்றான். அவனுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. எப்போதும் எதற்கும் அசராதவன்.

உன்னிடம் வந்து சொன்னேன். நீ அழுதாய். இமையில் இருந்த புண்ணில் கண்ணீர் பட்டு எரிந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாய். “ஏம்மா, அத்த வாயத் தொறந்து சொல்லேம்மா. எனக்கு ஒண்ணியும் ஆவாது” என்றாய். இதுவரை உனக்குத் தெரிந்த கதை. அம்மாவுக்கு அம்மன் பயம், பிள்ளை கெஞ்சினான், கடைசியில் சொல்லிவிட்டாள் என்று நீ வசந்தாவிடம்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாய், கல்யாணமான புதிதில். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன்.

உனக்கு முன்னால் கன்னியம்மா என்று ஒரு அக்கா இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். அவள் பேச்சை நம் வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்பதால் நீயும் கேட்டதில்லை. அவளுக்கும் அம்மைதான். தவழ்வதை விட்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். என் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். நான் அப்போது சின்னப் பெண், எனக்கு அது முதல் பிள்ளை. உடம்பு முழுக்கப் போட்டு, கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ஒரு மத்தியானம் அவளைத் தொட்டதும் என் கை சுருக்கென்று இழுத்துக்கொண்டது. “ஐயோ, புள்ள ஒடம்பு கொதிக்குதே, நெருப்பா சுடுதே” என்று கத்திவிட்டேன். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அதற்கப்புறம் அவள் அதிக நாள் இல்லை.

புதைத்துவிட்டு வந்த அன்று கோவில் பூசாரியின் மனைவி வந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள், கெட்டவள் இல்லை. “நல்லபடியா எறங்கற நேரத்துல சொல்லக் கூடாதத சொல்லிட்டியேடி. ஆத்தா பொறுப்பாளா? போனது போச்சு, இனிமேனாச்சும் வாய அடக்கிக்கினு இரு” என்று என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைகள் ஆமாம் என்றார்கள். உன் நைனா தோளில் ஈரத்துண்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கண்ணு, அன்றிலிருந்து உனக்கு அம்மை போட்ட நாள் வரைக்கும் நான்தான் என் பிள்ளையைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டுதான் சோறாக்கினேன், நாற்று நட்டேன், உன்னைப் பெற்று வளர்த்தேன். யாராவது திட்டியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். யாரும் திட்டவில்லை. எல்லாரும் பாவம் என்றார்கள். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, வேப்பிலை மேல் கிடக்கும் உன்னிடம் நான் எப்படி வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்வேன்? நீ சொல்லு.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் வரைக்கும் தள்ளினேன். எதிர்ப்பக்கம் கோதண்டம் வந்து நின்றாகிவிட்டது. உன் நைனா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பியவர், “வுடு, அவனுக்கு அவ்ளோதான் படிப்பு. எழுந்து நடமாடட்டும், நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நான் பின்பக்கம் போனேன். வெயிலில் உனக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானை இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், இதமாக இருந்தது. இது எப்படி வந்தது, சூரியன் கொடுத்ததுதானே என்று தோன்றியது. வெயில் கொடுக்கலாமாம், தண்ணீர் வாங்கலாமாம், உன் உடம்பில் ஊற்றலாமாம், நான் மட்டும் பெயரைச் சொல்லக் கூடாதாம். அப்போது எனக்குப் பயம் போகவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

வாசலுக்குப் போய், “இன்னொரு வாட்டி மொத்தமும் சொல்லு கோதண்டம், நிதானமா சொல்லு” என்றேன். சொன்னான். உன் அறைக்கு வந்தேன். முதலில் உன்னிடம் பேசவில்லை. உன் தலைமாட்டில் அம்மனாக நினைத்து வைத்திருந்த செம்பைப் பார்த்து, “தாயே, எம்புள்ள படிக்கணும். நான் சொல்லத்தான் போறேன். கோவம்னா எம்மேல வா, அவன வுட்டுடு” என்று மனசுக்குள் சொன்னேன். அதற்கப்புறம் வாயைத் திறந்து, “வெப்பம் வேற, வெப்பநில வேற” என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. “வெப்பத்தக் குடுத்துக்கினே இருந்தாலும் உருகி முடியற வரிக்கும் வெப்பநில ஏறாது. குடுத்த சூடெல்லாம் உள்ள போயி உருக்கறதுக்கே செலவாயிடும். வெளிய தெரியாது. அதுக்குப் பேரு உள்ளுறை வெப்பம்.” ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். நீ அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாய். நான் செத்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ, “ஓ, அவ்ளோதானா?” என்றாய்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கணக்காகக் கேட்டாய். வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நடக்க நடக்க அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரும்புக்கு எவ்வளவு வெப்பம், தண்ணீருக்கு எவ்வளவு வெப்பம், கொதிக்கும் நீருக்கு எவ்வளவு, நீராவிக்கு எவ்வளவு. என் ஆயுசுக்கும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்று சாயங்காலம் சொன்னேன். எதிர்ப்பக்கம் கோதண்டம் மாட்டுக் கொட்டகைச் சுவரில் தாளை வைத்து அழுத்தி அழுத்தி எழுதினான். உனக்கே தெரியும், அந்த வருஷம் அவனும் பௌதிகத்தில் தேறினான். உனக்குச் சொல்வதற்காகக் கேட்டது அவன் தலையிலும் ஏறிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். புறங்கையை உன் நெற்றியில் வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்று முழுக்க உன்னை விட்டு நகரவில்லை. நீ புரண்டு படுத்தால் எனக்குத் திக்கென்றது. இருமினால் திக்கென்றது. கோதண்டம் சாயங்காலம் ஓடிவந்து, “எல்லாம் ரைட்டு பெரிம்மா, அவன் பேர எழுதிட்டாரு” என்று கத்தியபோது நீ கையைத் தட்டினாய். எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. ஒவ்வொரு நாளாக முத்து வாடியது, பொருக்கு உதிர்ந்தது. முதல் தண்ணீர் ஊற்றினேன், இரண்டாவது ஊற்றினேன். மூன்றாவது ஊற்றிய அன்று நீ எழுந்து நின்று, தலையைத் துவட்டிக்கொண்டு, “பசிக்குதும்மா, எதுனா காரமா குடு” என்றாய். உன் நைனா சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். நாளைக்கு உத்திரமேரூருக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

நான் பின்பக்கம் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நீ தேடிக்கொண்டு வந்து, “ஏம்மா அழுவுற, நான்தான் நல்லா கீறேனே” என்றாய். ஆமாம் கண்ணு, சந்தோஷம் என்றேன். அது பொய். அன்று நான் அழுதது உனக்காக இல்லை. அந்த வார்த்தையை அத்தனை தடவை சொன்னேன், நீ எழுந்து நின்று காரம் கேட்கிறாய். அப்படியென்றால் கன்னியம்மா என் வாயால் சாகவில்லை. அவளுக்கு நோய் வந்தது, அவள் செத்துப்போனாள். அவ்வளவுதான். அவளுக்காக எனக்கு அழ வேண்டியிருந்தது. அத்தனை வருஷமாக என்னைத் திட்டிக்கொள்வதிலேயே பொழுது போய்விட்டது, என் குழந்தைக்காக ஒருநாளும் அழவில்லை. அன்றுதான் அழுதேன்.

உனக்கு வந்தது சின்னம்மை, அவளுக்கு வந்தது பெரியம்மை, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவது தப்பு என்று நீ இப்போது சொல்வாய். தெரியும். பின்னாளில் ஊசி போட வந்த சுகாதாரக்காரப் பெண்ணே சொன்னாள். ஆனால் பூசாரி மனைவி என் தலையில் பழியை வைத்தபோது அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்த்து வைக்கவில்லை. நீ மட்டும் என்ன பார்த்தாய்? அவர்கள் வார்த்தை என்றார்கள், நீ கிருமி என்கிறாய். நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். கல்யாண வீட்டில்தான் ஒட்டியிருக்கட்டும். உன் கம்பெனி பஸ்ஸில் ஒட்டி, நீ கொண்டுவந்து கொடுத்திருந்தால் உன்னோடு யார் பேசாமல் இருந்திருப்பார்கள்? வசந்தா கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்குப் போனாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தையை வேறு எங்கே வைத்துவிட்டுப் போவாள்? அவள் படித்த பெண், வார்த்தைக்கெல்லாம் பயப்பட மாட்டாள் என்று நினைக்காதே. நீ சொன்னது உள்ளே போய்விட்டது. அதனால்தான் சாப்பிடவில்லை.

பாப்பா பிழைத்துக்கொண்டாள், கடவுள் இருக்கிறார். அதனால் இது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதே. இன்றைக்கு வசந்தாவோடு பேசுவாய், நாளைக்குச் சிரிப்பாய், அவளும் சாப்பிடுவாள். ஆனால் நீ வாயால் எடுத்துச் சொல்லாவிட்டால் அது அவளுக்குள் அப்படியே கிடக்கும், பாப்பாவுக்கு ஒரு சளி பிடித்தால்கூட எழுந்து உட்காரும். எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். ஒன்றும் பெரிதாகப் பேச வேண்டாம். மன்னிப்பு கின்னிப்பு என்று நாடகம் வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, இது உன்னால் வரவில்லை என்று சொல். மழுப்பாமல் வாய் திறந்து சொல், அவளுக்குக் கேட்கும்படி சொல்.

உன் நைனா என்னை ஒருநாளும் கை நீட்டியதில்லை. நான் கேட்டதற்காக உன்னைப் படிக்க விட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் அவரே கஞ்சி வைப்பார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டான் என்று ஊரில் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் கன்னியம்மா போன அன்று ஈரத்துண்டோடு நின்றாரே, அன்றிலிருந்து அவர் கண் மூடும் வரைக்கும், அது உன்னால் இல்லை என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. அவர் அப்படி நினைக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். கேட்காமலேயே எழுந்து வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா